திரைக்கதையைக் கல்லூரியில் கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வி: பள்ளி இறுதி வகுப்பில் படிக்கிறேன். இயக்கமும் திரைக்கதையும் படிக்க வேண்டும் என்பது என் மூன்று வருட ஆசை. அப்பா, "முதலில் வேலை கிடைக்கிற படிப்பு ஒன்றை முடி, அப்புறம் உன் இஷ்டம்" என்கிறார். உதவி இயக்குநராக இருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவர், "கல்லூரியில் வருடங்களை வீணாக்காதே, நேராக ஒரு இயக்குநரிடம் சேர்ந்துவிடு" என்கிறார். நான் கதை எழுதுவேன். கேமராவைத் தொட்டதுகூட இல்லை. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. இயக்கம் எடுப்பதா, திரைக்கதை எடுப்பதா? நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது? நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது? நான் எழுதிய ஒரு காட்சியை இணைத்திருக்கிறேன். படித்துப் பாருங்கள் சார்.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே அதோடு நீங்கள் வைத்திருந்த இரண்டு பக்கக் காட்சியைப் படித்துவிட்டேன். தொழில் பழக்கம். எழுதியவர் யார், எங்கே படித்தவர் என்பதெல்லாம் அப்புறம்தான். கை முதலில் பக்கத்துக்குத்தான் போகும். அந்தக் காட்சியைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் உங்கள் அண்ணன் சொன்ன விஷயம்.

அவர் சொல்வதை ஒதுக்கித் தள்ள முடியாது. அகிரா குரோசாவா எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. 1936-ல் ஜப்பானில் பி.சி.எல். என்ற ஸ்டுடியோவில் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். 1943-ல் முதல் படத்தை இயக்கினார். ஸ்டான்லி குப்ரிக் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். மறுபக்கம் பார்த்தால் மார்ட்டின் ஸ்கார்செஸி நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்தவர், ஜார்ஜ் லூகாஸ் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். இப்படி இரண்டு பக்கமும் பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம். வாக்குவாதத்தில் ஜெயிக்க உதவும். உங்களுக்கு முடிவெடுக்க உதவாது.

குரோசாவா விஷயத்தில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது அந்த ஏழு வருடத்தைப் பற்றி. அதில் பெரும்பகுதி அவர் கஜிரோ யமமோட்டோ என்ற இயக்குநரிடம் வேலை பார்த்தார். இயக்குநர் ஆக வேண்டுமென்றால் முதலில் திரைக்கதை எழுது என்று யமமோட்டோ அவரைத் தள்ளிக்கொண்டே இருந்தார். எழுதியதைப் படித்தார். எடிட்டிங் வேலையில் உட்காரவைத்தார். போகப் போக, படப்பிடிப்பின் ஒரு பகுதியையே நம்பி ஒப்படைத்தார். ஒரு நல்ல கல்லூரி செய்ய வேண்டிய அத்தனையையும் அந்த ஒரு மனிதர் செய்திருக்கிறார்.

உங்கள் அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உங்கள் டைரக்டர் இந்த வருடம் நீங்கள் எழுதியதை எத்தனை தடவை படித்தார்?" ஐந்து தடவை என்று பதில் வந்தால், தயங்காமல் அவரோடு போய்ச் சேருங்கள், நானே சொல்கிறேன். பெரும்பாலும் அப்படி வராது. அதில் அந்த இயக்குநரைக் குறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஒரு படத்தைத் தூக்கிச் சுமப்பவருக்கு, கடைசி உதவி இயக்குநர் எழுதிய காட்சியைப் படிக்க நேரம் ஏது?

நானும் உதவி இயக்குநராக இருந்தவன்தான். முதல் படத்தில் என் வேலை கண்டின்யூட்டி. நாயகனின் சட்டையில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது, தம்ளரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது, கதவைச் சாத்தியது இடது கையா வலது கையா என்று நோட்டு நோட்டாக எழுதினேன். ஒரு செட் எப்படி ஓடுகிறது, வெளிச்சம் போவதற்குள் எப்படி ஒரு காட்சியை முடிக்கிறார்கள், யாரிடம் எப்போது பேசக் கூடாது என்பதெல்லாம் அங்கே கற்றதுதான், எந்த வகுப்பும் அதைத் தராது. ஆனால் அந்த ஒன்றரை வருடத்தில் நான் எழுதிய ஒரு வரியைக்கூட யாரும் படித்து, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது அதற்கு முன்பு படித்த கல்லூரிதான். முதல் பருவத்தில் மூன்று நிமிடப் பயிற்சிப் படம் ஒன்றுக்கு எழுதிக்கொண்டு போனேன். "மாலினி ஜன்னலோரம் நிற்கிறாள். தனிமை அவளைத் தின்கிறது" என்று ஒரு வரி. எனக்கு ரொம்பப் பிடித்த வரி. ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "தனிமை எந்தப் பக்கத்திலிருந்து தின்கிறது? கேமராவை அங்கே வைக்கலாம்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ராத்திரி உட்கார்ந்து திருத்தினேன். மாலினி இரண்டு தம்ளரில் டீ ஊற்றுகிறாள், ஒன்றைப் பார்க்கிறாள், திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டுகிறாள். அவ்வளவுதான். தனிமை என்ற சொல்லே இல்லை. மறுநாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்தவரைப் படிக்கச் சொன்னார். அவரிடம் அதுதான் பாராட்டு.

கல்லூரியில் நீங்கள் வாங்கப் போவது இதைத்தான். கதை அங்கே கிடைக்காது, வேலைக்கும் உத்தரவாதம் கிடையாது. எழுது, வாய்விட்டுப் படி, திட்டு வாங்கு, திருத்து, படமெடு, எடிட்டில் உட்கார், திரையிடு, கூசிப்போ, மறுபடி எழுது என்று ஒரு வட்டம். இந்த வட்டத்தை மூன்று நான்கு வருடத்தில் எத்தனை தடவை உங்களைச் சுற்றவைக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் கல்லூரியின் தரத்தை நான் அளப்பேன்.

கேமராவைத் தொட்டதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். உலகின் முதல் திரைப்படப் பள்ளி 1919-ல் மாஸ்கோவில் தொடங்கியது. புரட்சிக்குப் பிந்தைய காலம், கச்சா பிலிம் கிடைக்காது. அங்கே கற்றுத்தந்த லெவ் குலெஷோவ் என்ன செய்தார் தெரியுமா? பிலிமே இல்லாமல் படம் எடுக்கப் பழக்கினார். மாணவர்கள் காட்சியை எழுதி, ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொரு ஷாட்டையும் மேடையில் நடித்துக் காட்டினார்கள். எங்கே வெட்டுவது, அடுத்து எதைக் காட்டுவது என்ற மூளை வேலை முழுவதும் பிலிம் இல்லாமலே நடந்தது. வெட்டி ஒட்டும் இடத்தில் அர்த்தம் பிறக்கிறது என்று இன்றைக்கு எல்லாக் கல்லூரியிலும் முதல் வாரத்தில் சொல்லித்தருகிறார்களே, அதில் பெரும்பங்கு அந்த ஆளிடமிருந்து வந்தது. லென்ஸ் அளவு, 180 டிகிரி விதி, விளக்கு வைக்கும் முறை, மைக் பிடிக்கும் முறை, இதெல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடும். உங்கள் கையில் இருக்கும் போனே முதல் வருடப் பயிற்சிகளுக்குத் தாராளம்.

அதனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேமரா அறையைக் காட்டி மயக்குவார்கள், மயங்காதீர்கள். கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கியிருக்கும் கேமராக்களைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே, மாணவர் யாராவது தொட்டிருப்பார்களா? இரண்டாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடியுங்கள். "இதுவரை நீங்கள் இயக்கியது எத்தனை படம்?" என்று கேளுங்கள். "குழுவில்" என்று பதில் வந்தால் விடாதீர்கள், குழுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். எழுதிய திரைக்கதையை யார் படிக்கிறார், எத்தனை டிராஃப்ட் வரை படிக்கிறார், ஒரு எடிட் கணினிக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், கற்றுத்தருபவர்களில் கடைசி ஐந்து வருடத்தில் ஏதாவது எழுதியவர், எடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். பிறகு போன வருடத்து இறுதியாண்டுப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பரிசு வாங்கிய ஒரு படத்தை மட்டும் போட்டுக் காட்டினால், "மற்றதும் வேண்டும்" என்று கேளுங்கள். சுமாரான மாணவரின் படத்தில்தான் கல்லூரியின் வேலை தெரியும். கெட்டிக்கார மாணவர் எங்கே படித்தாலும் நன்றாகத்தான் எடுப்பார்.

இன்னொன்று, யாரும் கேட்க மறப்பது: உரிமை. மாணவர் படங்களின் உரிமையைச் சில கல்லூரிகள் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்கின்றன. சேரும்போது கையெழுத்துப் போடும் தாள்களில் அது எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். படத்தின் உரிமை அவர்களுக்குப் போனாலும் கதையும் திரைக்கதையும் உங்களுடையதாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், நாளைக்கு அதே கதையை முழுநீளப் படமாக எழுத நினைத்தால் சிக்கல் வரும். அதேபோல, மாணவர் படத்தில் பிரபலமான பாட்டு ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு அழகு பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். விழாக்களுக்கு அனுப்பும்போது பாட்டுக்கு அனுமதி வாங்கினீர்களா என்று கேட்பார்கள். என் மாணவர் ஒருவர் நல்ல படம் ஒன்றை இதனாலேயே பெட்டியில் பூட்டிவைக்க வேண்டியதாயிற்று. விழா என்றதும் சொல்கிறேன், கான் திரைப்பட விழாவில் திரைப்பள்ளி மாணவர்களின் படங்களுக்கென்றே 1998-லிருந்து தனிப் பிரிவு இருக்கிறது. கல்லூரியில் படிப்பவர்களுக்கு மட்டுமே திறக்கும் கதவுகளும் சில உண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இயக்கமா, திரைக்கதையா? பேச வராது என்பதற்காகத் திரைக்கதை எடுக்கலாம் என்று யோசிக்கிறீர்கள் என்று படுகிறது. அந்தக் காரணம் வேண்டாம். திரைக்கதை எழுதுபவரும் நாலு பேர் முன்னால் கதை சொல்லித்தான் ஆக வேண்டும், அதுவும் பாதியில் போனை எடுத்துப் பார்க்கும் நாலு பேர் முன்னால். இயக்குநருக்கும் மேடைப் பேச்சு தேவையில்லை. செட்டில் அவரிடம் நாள் முழுக்கக் கேள்வி கேட்பார்கள்: சிவப்புக் குடையா, கறுப்பா? உட்கார்ந்து பேசுகிறாரா, நின்றா? ஜன்னல் திறந்திருக்கிறதா? பதில் ஒரு சொல்லில் இருந்தால் போதும், ஆனால் உடனே வர வேண்டும். காட்சியைத் தலைக்குள் முழுசாகப் பார்த்தவருக்குத்தான் அது உடனே வரும். கூச்சம் அதற்குத் தடையே இல்லை. நான் பார்த்த நல்ல இயக்குநர்களில் இருவர், டீ வேண்டும் என்று கேட்கக்கூடத் தயங்குபவர்கள்.

முதல் வருடம் எல்லாவற்றையும் பொதுவாகச் சொல்லித்தந்துவிட்டு அப்புறம் பிரிக்கும் படிப்பு கிடைத்தால் அதில் சேருங்கள். எழுத்தாளராகத்தான் ஆகப்போகிறீர்கள் என்றாலும் ஒரு வருடமாவது எடிட்டிங் கற்றுக்கொள்ளுங்கள். தான் எழுதிய வசனத்தில் பாதியைத் தானே வெட்டியெறிந்த எழுத்தாளர், அடுத்த திரைக்கதையில் அந்தப் பாதியை எழுதவே மாட்டார். ஒலிப்பதிவும் கொஞ்சம். படப்பிடிப்பு நடக்கும் வீட்டில் ஃபிரிட்ஜ் இரைகிறது என்று அதை அணைத்துவிட்டு, திரும்பப் போட மறந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைப்பார்கள் சவுண்ட்காரர்கள். இந்த மாதிரி சமாச்சாரங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது, பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

திரைக்கதை வகுப்பில் என்னதான் நடக்கும் என்று தெரிந்தால் உங்கள் பயம் குறையும். முதலில் ஒன்லைன்: யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொல்வது. கேட்க எளிது. எழுதிப் பாருங்கள், ஒரு வாரம் ஓடிவிடும். அப்புறம் கதைச்சுருக்கம், அதிலிருந்து சீன் ஆர்டர், அதற்குப் பிறகுதான் வசனத்தோடு முழுத் திரைக்கதை. புதிதாக வருபவர்கள் எல்லோரும் கடைசிப் படியில் ஏறி நின்றுகொண்டு வசனத்தில் தொடங்குவார்கள். நீங்களும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறீர்கள்.

பக்கத்தின் வடிவத்துக்கும் காரணம் உண்டு. ஒவ்வொரு காட்சியின் தலையிலும் உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா என்று எழுதச் சொல்வது அழகுக்காக இல்லை. படத்தைக் கதை வரிசையில் யாரும் எடுப்பதில்லை. அந்த மூன்று விவரத்தை வைத்துத்தான் ஒரே இடத்துக் காட்சிகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஷெட்யூல் போடுவார்கள். ஒரு பக்கத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, இந்தக் காட்சி மூன்று பங்கு, அந்தக் காட்சி ஒன்றேகால் பக்கம் என்று கணக்குப் போடும் வழக்கமும் உண்டு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்று சொல்வார்களே, அது கூரியர் என்ற தட்டச்சு எழுத்துருவில், 12 புள்ளி அளவில் எழுதிய ஆங்கிலப் பக்கத்துக்கு வரும் சராசரி. தமிழில் எழுதும்போது அது அப்படியே பொருந்தாது. நீங்களே உங்கள் காட்சியை வாய்விட்டுப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து, உங்கள் பக்கம் எத்தனை நிமிடம் என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று அங்கம், திருப்புமுனை, எந்தப் பக்கத்தில் எது நடக்க வேண்டும் என்ற சூத்திரங்கள் எல்லாம் வரும். அவற்றில் எனக்குப் பிடித்தது ஃபிராங்க் டேனியல் சொல்லித்தந்த முறை. பிராகில் ஆசிரியராக இருந்து, பிறகு அமெரிக்கா போய் அங்கே பல திரைப்பள்ளிகளில் திரைக்கதைப் படிப்பை வளர்த்தவர். முழுப் படத்தையும் ஒரேயடியாக யோசிக்காமல் எட்டுத் துண்டாக யோசி என்றார். துண்டுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். ஒவ்வொரு துண்டுக்கும் அதற்கென்று ஒரு சின்ன ஆசை, ஒரு சின்ன முட்டுக்கட்டை, ஒரு முடிவு. இது ரீல் காலத்திலிருந்து வந்த பழக்கம். 35 மி.மீ. பிலிம் ரீல் ஒன்று 1,000 அடி; நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் சுமார் 11 நிமிடம் ஓடும். ரீல் மாற்றும் நேரத்தில் ஆட்கள் எழுந்து போய்விடாமல் இருக்க, ஒவ்வொரு ரீலும் ஒரு கொக்கியோடு முடிய வேண்டும் என்று எழுதினார்கள். நூற்றுச் சொச்சம் பக்கத்தைப் பார்த்து மலைத்துப்போகும் ஆளுக்குப் பதினைந்து பக்கம் எழுது என்று சொல்வது பெரிய உபகாரம்.

ஆனால் சூத்திரத்தை எழுதும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுதி முடித்து, எங்கேயோ தொய்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்னும்போது எடுத்துப் பாருங்கள். காய்ச்சல் வந்தால்தான் தெர்மாமீட்டர்.

நுழைவுத் தேர்வு. போலந்தின் பெரிய இயக்குநர் கிஷிஸ்டோஃப் கீஷ்லோவ்ஸ்கியை அந்த நாட்டு வூட்ஜ் திரைப்பள்ளி இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாம் முறைதான் சேர்த்துக்கொண்டார்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தேர்வாளர்களும் தவறுவார்கள், ஒரு தடவை இடம் கிடைக்காததை உங்கள் எழுத்தின் மேல் வந்த தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தயாராவதற்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், இது ஒன்றையே மூன்று மாதம் செய்யுங்கள். உங்களுக்குப் பிடித்த படத்தில் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். எத்தனை தடவை வெட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு வெட்டும் ஏன் அந்த இடத்தில் என்று குறியுங்கள். அடுத்து படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். கடைசியில் அந்த ஐந்து நிமிடத்தைத் திரைக்கதையாக எழுதுங்கள், கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் மட்டும். "அவன் வருந்தினான்" என்று எழுத வாய்ப்பே இல்லை, ஏனென்றால் திரையில் நீங்கள் பார்த்தது அவன் செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்ததை மட்டும்தான். பத்துக் காட்சி இப்படி எழுதினால் கை மாறிவிடும்.

நேர்முகத்தில் "உங்களுக்குப் பிடித்த படம் எது?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். எல்லோரும் பெரிய படம் ஒன்றைச் சொல்லி, "அருமையான மேக்கிங்" என்பார்கள். நீங்கள் ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அதில் யார் எங்கே நின்றார்கள், எந்த நொடியில் உங்களுக்கு ஏதோ ஆனது என்று சொல்லுங்கள். படம் சுமாரான படமாக இருந்தாலும் பரவாயில்லை. சினிமாவைத் தவிர வேறு என்ன தெரியும் என்றும் கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் உங்கள் அப்பாவிடம் வருகிறேன். அவரை வில்லனாக்கிவிடாதீர்கள். வருமானம் நிலையற்றது என்று அவர் பயப்படுவது நூற்றுக்கு நூறு உண்மை. படிப்பை முடித்தபின் சில வருடம் பணம் வராத காலம் இருக்கும், அதை அவரிடம் மறைத்துப் பேசினால் நாளைக்கு நீங்கள்தான் பொய்யராவீர்கள். போதாக்குறைக்கு இப்போது, கேட்ட மாத்திரத்தில் திரைக்கதை மாதிரி ஒன்றை எழுதித் தரும் மென்பொருள்கள் வேறு வந்துவிட்டன. 2023-ல் அமெரிக்கத் திரை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இருந்த காரணங்களில் அதுவும் ஒன்று. இயந்திரம் எழுதியதை எழுத்தாளர் எழுதியதாகக் கணக்கில் வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். அந்த மென்பொருளை நீங்கள் பிறகு எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்துங்கள். கற்கும் வருடங்களில் மட்டும் முதல் டிராஃப்டை அதனிடம் கொடுக்காதீர்கள். மோசமான முதல் டிராஃப்டை எழுதித் திருத்துவதற்குத்தானே கல்லூரிக்குப் பணம் கட்டுகிறோம்.

அப்பா சொல்லும் வழியையும் நான் தள்ளமாட்டேன். பெயர்பெற்ற திரைப்பள்ளிகளில் பல, ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்களுக்குத்தான் முதுநிலைப் படிப்பு தருகின்றன. சட்டமோ, உளவியலோ, வரலாறோ, கணக்கியலோ படித்துவிட்டு இருபத்தொரு வயதில் வரும் மாணவரிடம் எழுத ஏதாவது இருக்கிறது. பதினேழு வயதில் வருபவர் எழுதும் முதல் மூன்று கதையில் இரண்டு, சினிமா எடுக்க ஆசைப்படும் பையனைப் பற்றித்தான் இருக்கும் (உங்களுடையதும் அதேதான், கோபித்துக்கொள்ளாதீர்கள்). என்னைக் கேட்டால், உங்கள் ஊக்கம் நான்கு வருடம் தாங்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இருந்தால் பட்டத்தை முதலில் முடியுங்கள். அந்தக் காலத்தில் வருடத்துக்கு இரண்டு குறும்படம், ஒரு முழுத் திரைக்கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்காது, இப்போதே வேண்டும் என்றால் இப்போதே சேருங்கள், அப்பாவிடம் எடிட்டிங், ஒலி, நிகழ்ச்சித் தயாரிப்பு என்று பக்கத்து வேலைகளும் அந்தப் படிப்பில் உண்டு என்று எடுத்துச் சொல்லுங்கள். அது வெறும் சமாதானமும் இல்லை. நான் கல்லூரியில் கூடப் படித்தவர்களில் அமைதியாக வாழ்பவர்கள் எடிட்டர்கள்தான்.

சரி, உங்கள் காட்சிக்கு வருவோம்.

கல்லூரியில் இடம் கிடைத்த கடிதத்தோடு மகன் இரவு வீட்டுக்கு வருகிறான். அப்பா கூடத்தில் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துவைத்துச் சரிசெய்துகொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம். மகன் வீட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறுகிறான். அப்பா ரேடியோவிடம் பேசி அழுகிறார்.

முதல் பக்கத்தில் "கண்ணனின் மனதில் ஆயிரம் எண்ணங்கள். சின்ன வயதில் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனது நினைவுக்கு வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என் மாலினிக்கு அண்ணன் முறை இந்த வரி, எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒன்றரைப் பக்கம் வசனம். "நீங்கள் என்றைக்காவது என்னைப் புரிந்துகொண்டிருக்கிறீர்களா?" என்று மகன் கேட்கிறான், "உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்" என்று அப்பா சொல்கிறார். இரண்டு பேரும் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு வேலையே இல்லை.

ஆனால் அதற்கு நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதை எழுதும்போது உங்களுக்கே தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்: "அப்பா ஏற்கெனவே முறுக்கிய திருகாணியையே மறுபடி முறுக்குகிறார்." இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். அவர் கோபமாக இருக்கிறார், பயப்படுகிறார், என்ன சொல்வதென்று தெரியவில்லை, அத்தனையும் அந்தத் திருகாணியில் இருக்கிறது. காட்சியை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள். நான் என்றால் இப்படி வைப்பேன்:

உள். வீடு, கூடம். இரவு.

மேசை விளக்கின் கீழே பிரித்துப்போட்ட ரேடியோ. அப்பா ஒரு திருகாணியை முறுக்குகிறார். கண்ணன் வாசலில் நிற்கிறான், கையில் கவர்.

கண்ணன்: அப்பா, லெட்டர் வந்திருக்கு.

அப்பா: அந்தத் திருப்புளியை எடு. சின்னது.

கண்ணன் எடுத்துக் கொடுக்கிறான். கவரை மேசையில் வைக்கிறான். அப்பா அதன்மேல் ரேடியோவின் மூடியை வைக்கிறார்.

இதற்கு மேல் நான் எழுதக் கூடாது, உங்கள் காட்சி. மீதியை இப்படி நீங்கள் எழுதுங்கள். "புரிந்துகொள்", "நல்லது", "கனவு" என்ற மூன்று சொற்களையும் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு இரண்டு பேரும் சண்டை போட முடியுமா என்று பாருங்கள். முடியும்.

இரண்டாம் பக்கத்தில் அப்பா அழும் கடைசி ஆறு வரிகளை எடுத்துவிட்டு, சாவி மேசையில் வைக்கப்படும் இடத்தோடு நிறுத்தி ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். அப்போது அப்பாவின் கை அந்தத் திருகாணியில் நிற்கிறதா, முறுக்கிக்கொண்டே இருக்கிறதா? அதை முடிவு செய்துவிட்டு அடுத்த டிராஃப்டை அனுப்புங்கள்.